சுங்கச் சாவி யார் கையில்? – அமெரிக்கக் காங்கிரசும் அதிபரும்

2025 ஆகஸ்ட் மாதக் கடைசி வாரம். முப்பது வருஷமாக எனக்குப் பனியன் சரக்கு அனுப்பும் திருப்பூர் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். உள்நாட்டு வியாபாரத்தோடு அமெரிக்காவுக்கும் கொஞ்சம் ஏற்றுமதி செய்பவர். குரலில் சுரத்தே இல்லை.

"அண்ணா, பேசின விலைக்குத் தச்சு முடிச்ச சரக்கு அப்படியே கெடக்குதுங்க. வரியில பாதிய நீங்க ஏத்துக்குங்கன்னு அங்க வாங்கறவரு சொல்றாருங்க. ஒரு ஆளு கையெழுத்துப் போட்டா அம்பது பர்சென்ட் வரி! ஏனுங்கண்ணா, அந்த ஊர்ல பார்லிமெண்டுன்னு ஒண்ணு இல்லீங்களா?"

நடந்தது நம் அன்பர்கள் அறிந்ததே. 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியச் சரக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி விதித்தது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக 50. இரண்டுமே அதிபர் பிறப்பித்த ஆணைகள்.

நண்பருக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யான் வரலாற்றில் பட்டம் பெற்றவன் அல்லேன். தில்லி சதர் பஜாரில் கடையை மூடிவிட்டு வந்து இரவில் படிக்கிறவன். ஆனாலும் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. சில மாதங்கள் தேடிப் படித்ததில் கிடைத்ததை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

சுருக்கமான பதில் இதுதான். அந்த ஊரிலும் பார்லிமெண்ட் உண்டு. காங்கிரசு என்று பெயர். மேலவை செனட், கீழவை பிரதிநிதிகள் சபை. சுங்கம் விதிக்கும் அதிகாரம் அந்தக் காங்கிரசுக்கே உரியது. அப்படியானால் அது ஒருவர் பேனாவுக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி? அதுதான் கதை.

தேயிலை கற்பித்த பாடம்

அமெரிக்கா என்ற நாடு பிறந்ததே ஒரு சுங்கத் தகராறில்தான். 1767-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அமெரிக்கக் குடியேற்றங்களில் இறங்கும் கண்ணாடி, ஈயம், காகிதம், வண்ணப்பூச்சு, தேயிலை ஆகியவற்றுக்கு வரி போட்டது. எதிர்ப்பு வலுக்கவே 1770-இல் மற்றவற்றை நீக்கித் தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டது. பவுண்டுக்கு மூன்று பென்ஸ். 1773-இல் வந்த தேயிலைச் சட்டமோ, கிழக்கிந்தியக் கம்பெனி தன் சரக்கை அமெரிக்காவுக்கு நேரடியாக அனுப்ப வழிசெய்து விலையைக் குறைக்கவே செய்தது. அப்படியிருந்தும் 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் எறிந்தார்கள். சரக்கு சீனத்துத் தேயிலை. உடையவர் நம் நாட்டை விழுங்கிய அதே கம்பெனியார்.

இங்கே ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. விலை ஏறியதற்காக அவர்கள் பெட்டியை எறியவில்லை. எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத சபை எங்கள் மீது வரி போடலாமா என்பதே சண்டை. அதாவது, வரி எவ்வளவு என்பதைவிட, போடுவது யார் என்பது.

விடுதலைக்குப் பின் வேறொரு தொல்லை. நாட்டின் பொதுச் சபைக்கு வரி போடும் அதிகாரமே இல்லை. 1781-இல் இறக்குமதிக்கு 5 சதவீதம் வரி வேண்டும் என்று அது கேட்டது. 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும் என்பது விதி. 1782-இல் ரோட் ஐலண்டு என்னும் சின்னஞ்சிறு மாநிலம் முடியாது என்று சொல்ல, திட்டம் படுத்துவிட்டது. கஜானா காலி.

1787-இல் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சட்டம் எழுதியவர்கள் இந்த இரண்டு அனுபவத்தையும் நினைவில் வைத்திருந்தார்கள். முதல் விதியின் 8-ஆம் பிரிவு தொடங்குவதே, வரியும் சுங்கமும் தீர்வையும் கலாலும் விதிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு என்றுதான். அயல்நாட்டு வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் காங்கிரசுக்கே. ஆனால் அது தனி வாசகம். வரி விதித்தல் ஒன்று, ஒழுங்குபடுத்தல் மற்றொன்று. இந்த வேறுபாட்டை அன்பர்கள் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். வருவாய் மசோதா எதுவும் மக்கள் நேரடியாகத் தேர்ந்த பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அதிபரின் அதிகாரங்களைச் சொல்லும் இரண்டாம் விதியில் சுங்கம் என்ற பேச்சே இல்லை.

1789 ஜூலை 4 அன்று முதல் சுங்கச் சட்டத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்டார். அதில் தேயிலைக்கும் வரி உண்டு. இம்முறை யாரும் பெட்டியைக் கடலில் எறியவில்லை.

காங்கிரசு கையிலேயே இருந்த காலம்

அடுத்த நூறு ஆண்டு சாவி காங்கிரசின் இடுப்பிலேயே இருந்தது. சண்டை இல்லாமல் இல்லை. வடக்கே ஆலைகள், அவர்களுக்கு உயர்ந்த வரி வேண்டும். தெற்கே பருத்திக்காரர்கள், பஞ்சை விற்று அயல்நாட்டுச் சரக்கு வாங்குகிறவர்கள், வரி கூடினால் அடி அவர்களுக்கு. 1828-இல் வந்த சட்டத்தைத் தென்னாட்டார் 'அருவருப்புச் சுங்கம்' என்றே அழைத்தனர். 1832-இல் தென் கரோலினா, இந்தச் சட்டம் எங்கள் மண்ணில் செல்லாது என்று தீர்மானம் போட்டது. படை அனுப்புவேன் என்றார் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன். உள்நாட்டுப் போர் அப்போதே மூண்டிருக்கும். 1833-இல் ஹென்றி கிளே என்ற செனட்டர் சமரச மசோதா கொண்டுவந்து, 1842-க்குள் வரியைப் படிப்படியாக 20 சதவீதம் வரை இறக்க வழி கண்டார்.

ஜாக்சன் லேசான ஆள் அல்லர். எதற்கும் அஞ்சாதவர் என்று பெயரெடுத்தவர். அவர்கூட வரி விகிதத்தைத் தம் ஆணையால் மாற்றவில்லை. ஏற்றியதும் காங்கிரசு, இறக்கியதும் காங்கிரசு.

சாவியை இரவல் கொடுத்த வகை

முதலாளி வெளியூர் போகும்போது கணக்குப்பிள்ளையிடம் கல்லாச் சாவியைக் கொடுப்பது உண்டு. விவரம் தெரிந்த முதலாளி, "இன்ன செலவுக்கு, இவ்வளவு வரை, நான் வரும்வரை" என்று சொல்லித்தான் கொடுப்பார். காங்கிரசும் முதலில் அப்படித்தான் கொடுத்தது.

1890-இல் வந்த சட்டம் சர்க்கரை, காப்பி, தேயிலை, தோல் போன்றவற்றை வரியின்றி உள்ளே விட்டது. ஆனால் அவற்றை அனுப்பும் நாடு அமெரிக்கச் சரக்குக்கு நியாயமற்ற வரி போட்டால், அதிபர் அந்தச் சலுகையை நிறுத்திவைக்கலாம். இறக்குமதி வணிகர்கள் வழக்குப் போட்டார்கள். 1892-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. காரணம், சலுகை நின்றால் வாங்க வேண்டிய வரி எவ்வளவு என்பது சட்டத்திலேயே எழுதியிருந்தது. நிலைமை அப்படி வந்துவிட்டதா என்று பார்த்து அறிவிப்பது மட்டுமே அதிபர் வேலை.

1922-இல் இரவல் கொஞ்சம் பெரிதாயிற்று. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உற்பத்திச் செலவு எவ்வளவு என்பதைச் சுங்க ஆணையம் விசாரித்துச் சொல்ல, அதற்கேற்ப அதிபர் வரியை 50 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். பேரியம் டையாக்சைடு என்ற ரசாயனத்துக்கு 1924-இல் அதிபர் கூலிட்ஜ் வரியைப் பவுண்டுக்கு 4 சென்ட்டிலிருந்து 6 சென்ட் ஆக்கினார். நியூயார்க்கில் இறக்குமதி செய்த ஹாம்ப்டன் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. இரண்டு சென்ட்டுக்காக எழுந்த வழக்கு, 1928-இல் ஒரு பெரிய கோட்பாட்டைத் தந்தது. காங்கிரசு தெளிவான நெறி ஒன்றைச் சட்டத்தில் வகுத்துக் கொடுத்தால், அந்த நெறிக்குள் நின்று அதிபர் செயல்படலாம் என்பது தீர்ப்பு. எழுதிய தலைமை நீதிபதி வில்லியம் டாஃப்ட், முன்னாளில் அதிபராகவே இருந்தவர்!

இரவல் கொடுத்ததைக் குறை சொல்லவும் முடியாது. காங்கிரசு தானே கணக்குப் போட்டபோது நடந்த கூத்து 1930-இல் தெரிந்தது. என் தொகுதி ஆலைக்கு நீ ஓட்டுப் போடு, உன் தொகுதிப் பண்ணைக்கு நான் போடுகிறேன் என்று ஆயிரக்கணக்கான பண்டங்களுக்கு வரி ஏறியது. வேண்டாம் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் கையெழுத்திட்டு விண்ணப்பித்தார்கள். அதிபர் ஹூவர் 1930 ஜூன் 17 அன்று கையெழுத்திட்டார். ஸ்மூட், ஹாலி என்ற இருவர் பெயரால் வழங்கும் சட்டம் அது. மற்ற நாடுகளும் பதிலுக்கு வரி ஏற்ற, ஏற்கெனவே மந்தத்தில் கிடந்த உலக வணிகம் மேலும் சுருங்கியது.

அந்த அடி பட்ட பிறகே 1934-இல் ரூஸ்வெல்ட் ஆட்சியில், வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் முயற்சியால் புதுச் சட்டம் வந்தது. பிற நாட்டோடு பேசி ஒப்பந்தம் செய்து வரியை 50 சதவீதம் வரை அதிபர் மாற்றலாம். அதிகாரம் மூன்றே ஆண்டுக்கு, பிறகு காங்கிரசு புதுப்பிக்க வேண்டும். அளவும் உண்டு, கெடுவும் உண்டு. 1947-இல் ஜெனீவாவில் 23 நாடுகள் கூடி காட் ஒப்பந்தம் கண்டதற்கு அடித்தளம் இதுவே. அந்த 23-இல் இந்தியாவும் ஒன்று.

ஜிப் வழக்கு

1971 ஆகஸ்ட் 15. ஞாயிறு இரவு அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தினார். கூடவே வரிக்குட்பட்ட இறக்குமதிகள் மீது 10 சதவீதம் மேல்வரி என்றார். நான்கு மாதம் நீடித்தது. யோஷிடா என்ற ஜப்பானியக் கம்பெனியின் அமெரிக்கக் கிளை, ஜிப் இறக்குமதிக்குக் கட்டிய மேல்வரியைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டது.

நிக்சனின் பிரகடனம் சுங்கச் சட்டங்களைத்தான் சுட்டியது. வழக்கு வந்த பிறகு அரசு வழக்கறிஞர்கள் 1917-ஆம் ஆண்டின் 'எதிரியோடு வணிகம்' சட்டத்தை எடுத்து நீட்டினார்கள். முதல் உலகப் போருக்காக எழுதிய அந்தச் சட்டத்தில், நெருக்கடிக் காலத்தில் இறக்குமதியை 'ஒழுங்குபடுத்தலாம்' என்று ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லுக்குள் வரியும் அடங்கும் என்பது வாதம். 1974-இல் சுங்க நீதிமன்றம் அடங்காது என்றது. 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடங்கும் என்றது. ஆனால் மேல்வரி குறுகிய காலத்துக்கானது, காங்கிரசு ஏற்கெனவே வைத்த உச்ச விகிதத்தைத் தாண்டவில்லை என்பதையும் கணக்கில் கொண்டது. அளவில்லாத அதிகாரம் என்று அது சொல்லவில்லை.

காங்கிரசு சும்மா இருக்கவில்லை. 1974-ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தின் 122-ஆம் பிரிவில், வெளிநாட்டுச் செலாவணிச் சிக்கல் வந்தால் அதிபர் மேல்வரி போடலாம், 15 சதவீதத்துக்கு மேல் கூடாது, 150 நாளுக்கு மேல் வேண்டுமானால் எங்களிடம் வர வேண்டும் என்று எழுதியது. இதற்கு முன்பே 1962 சட்டத்தின் 232-ஆம் பிரிவு, நாட்டுப் பாதுகாப்பு விசாரணைக்குப் பின் குறிப்பிட்ட பண்டத்தின் இறக்குமதியைச் சரிக்கட்ட இடம் கொடுத்திருந்தது. 2018-இல் உருக்குக்கு 25, அலுமினியத்துக்கு 10 சதவீதம் வந்தது அந்த வழியாகத்தான்.

கொடுப்பது எளிது, வாங்குவது அரிது

1977-இல் காங்கிரசு நெருக்கடிக்கால அதிகாரங்களைச் சுருக்க நினைத்துப் புதுச் சட்டம் செய்தது. வெளிநாட்டிலிருந்து அசாதாரண அச்சுறுத்தல் வந்தால் அதிபர் நெருக்கடி அறிவித்து, பணத்தை முடக்கலாம், பரிவர்த்தனையைத் தடுக்கலாம், இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம் என்று ஒரு பட்டியல். அதில் வரி என்றோ சுங்கம் என்றோ ஒரு சொல் இல்லை. பழைய சட்டத்தின் 'ஒழுங்குபடுத்தல்' மட்டும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. சதவீதமும் இல்லை, கெடுவும் இல்லை.

ஒரு பாதுகாப்பு இருந்தது. அதிபர் அறிவிக்கும் நெருக்கடியை இரு அவைகளும் தீர்மானம் போட்டு முடித்துவிடலாம், அதிபர் ஒப்புதல் வேண்டாம் என்று 1976-ஆம் ஆண்டின் நெருக்கடிநிலைச் சட்டம் சொன்னது. அதை உடைத்தது, சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கு. கென்யாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த ஜக்தீஷ் ராய் சத்தா என்பவர் அமெரிக்காவில் படிக்கப் போனவர். அவர் அங்கேயே தங்கலாம் என்று அதிகாரிகள் முடிவு செய்ததைப் பிரதிநிதிகள் சபை தனித் தீர்மானத்தால் ரத்து செய்தது. 1983-இல் உச்ச நீதிமன்றம், அதிபரின் கையெழுத்துக்கு அனுப்பாத இத்தகைய தீர்மானம் செல்லாது என்றது. சத்தா தப்பினார், காங்கிரசின் கடிவாளம் அறுந்தது. இனி நெருக்கடியை முடிக்க வேண்டுமானால் தீர்மானம் அதிபரிடமே போக வேண்டும். அவர் மறுத்தால் இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கணக்குப்பிள்ளையிடமிருந்து சாவியை வாங்க, அவருடைய சம்மதமே தேவை என்றால் எப்படி?

2025-இல் இது கண்கூடாகத் தெரிந்தது. கனடா மீதான நெருக்கடியை முடிக்க ஏப்ரலில் செனட் 51–48 என்று ஓட்டளித்தது. அப்போது பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை.

2025–26 வழக்கு

1977 சட்டத்தை முதலில் பயன்படுத்தியது 1979-இல், ஈரானியப் பணத்தை முடக்க. அதன் பின் எத்தனையோ நெருக்கடி அறிவிப்பு. எந்த அதிபரும் அதை வைத்துச் சுங்கம் போட்டதில்லை. 2025 பிப்ரவரியில் அதிபர் டிரம்ப், போதைப் பொருள் கடத்தலைக் காரணம் காட்டி கனடா, மெக்சிகோ, சீனா மீது போட்டார். ஏப்ரல் 2 அன்று வணிகப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி உலகம் முழுவதன் மீதும் போட்டார். இந்தியாவின் ஐம்பதும் இச்சட்டத்தின் பெயரால் வந்ததே.

வழக்குப் போட்டவர்கள் பெரிய முதலாளிகள் அல்லர். நியூயார்க்கின் ஒயின் இறக்குமதிக்காரர் ஒருவர், இல்லினாய்சில் குழந்தைகளுக்கான கல்வி விளையாட்டுப் பொருள் விற்கும் குடும்பக் கம்பெனி, இப்படி. நம்மைப் போன்றவர்கள்தாம். சர்வதேச வணிக நீதிமன்றம் மே 28 அன்றும், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்ட் 29 அன்று 7–4 என்றும் வரிகள் செல்லாது என்றன. 2026 பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 என்று அதை உறுதி செய்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம், 1977 சட்டத்தில் உள்ள 'இறக்குமதியை ஒழுங்குபடுத்தல்' என்பதற்குள் வரி விதிக்கும் அதிகாரம் அடங்காது என்பதே. 1787-இல் இரண்டு வாசகமாக எழுதிவைத்த வேறுபாடு, 239 ஆண்டுக்குப் பின் பயன்பட்டது.

மாறுபட்ட மூவர் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. ஒரு நாட்டுச் சரக்கை முழுசாகத் தடை செய்ய அதிபருக்கு அதிகாரம் உண்டென்றால், அதைவிட மென்மையான வரியைப் போட ஏன் இல்லை? நிக்சன் வழக்கில் இதே சொல்லுக்கு வரியும் அடங்கும் என்று தீர்ப்பு வந்த பிறகுதானே காங்கிரசு அதே சொல்லை மீண்டும் எழுதியது? நியாயமான கேள்விகள். ஆனால் வணிகனாகிய எனக்குத் தோன்றுவது வேறு. தடை என்றால் காசு கைமாறாது, சரக்கு நின்றுவிடும். வரி என்றால் குடிமகன் பையிலிருந்து காசு கஜானாவுக்குப் போகும். அந்தக் காசை எடுக்கத்தான் பிரதிநிதியைக் கேள் என்று பாஸ்டன்காரர்கள் சண்டை போட்டார்கள்.

தீர்ப்பு வந்த அன்றே அதிபர் வேறொரு சாவியை எடுத்தார். நிக்சன் காலத்துக்குப் பின் எழுதிய அதே 122-ஆம் பிரிவு. உலகப் பொதுவாக 10 சதவீதம், 150 நாள். வரி ஒழிந்தது என்று மகிழ்ந்தவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் இந்தச் சாவியில் அளவும் கெடுவும் பொறித்திருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

நம் நாட்டு நிலை

நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்கலாம். சட்டத்தின் அதிகாரமின்றி வரி இல்லை என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 265-ஆம் விதி. ஆனால் 1975 சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 8-ஏ பிரிவு, அவசர நிலையில் இறக்குமதி வரியை அறிவிக்கை மூலம் ஏற்ற மத்திய அரசுக்கு இடம் தருகிறது. நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். புல்வாமா தாக்குதலுக்குப் பின் 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீதம் வந்தது இப்படித்தான். அறிவிக்கை அரசிதழில் ஏறியது இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடி. அன்று பகலிலேயே அட்டாரி எல்லையில் ஆவணம் தாக்கல் செய்த வணிகர்களிடமும் 200 கேட்டார்கள். 2020-இல் நம் உச்ச நீதிமன்றம், அந்த விநாடிக்கு முன் தாக்கல் செய்தவர்களுக்குப் பழைய வரியே என்றது. அவசரத்துக்கு அதிகாரம் வேண்டும்தான். அதற்கும் ஒரு கடிகாரம் வேண்டும்.

நண்பருக்குப் பதில்

2026 பிப்ரவரி தீர்ப்பு வந்த மறுநாள் திருப்பூர் நண்பரை நானே அழைத்தேன். "நீங்க கேட்டீங்களே, அந்த ஊர்ல பார்லிமெண்ட் இருக்கு. போட்டது செல்லாதுன்னு கோர்ட்டும் சொல்லிடுச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "அப்ப நாங்க அன்னைக்கு வெலையில கொறைச்சுக் குடுத்த காசுங்கண்ணா?"

அமெரிக்கச் சுங்கத்தில் வரி கட்டியவர் அங்குள்ள இறக்குமதியாளர். திரும்பக் கேட்கும் உரிமையும் அவருடையதே. விலையில் குறைத்துக் கொடுத்தது எந்தச் சுங்க ரசீதிலும் இல்லை. அதிகாரமில்லாதவர் போட்ட வரியைத் திருத்த அந்த நாட்டுக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. அதற்குள் இங்கே தைத்தவருக்கும் வெட்டியவருக்கும் போனது போனதுதான். சுங்கச் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பது ஏதோ வக்கீல்கள் வாதிடும் நுணுக்கம் என்று நான் எண்ணியிருந்தேன். அது பனியன் வியாபாரமும்தான் என்று இப்போது தெரிகிறது.

நண்பருக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் இல்லை. அடுத்த ஒப்பந்தத்தில், வரி மாறினால் யார் ஏற்பது என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.